ஒரு மாத உபதேசியார்

1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் ஓர் ஆங்கிலேயர் இறந்தார். நுரையீரலில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வயது நாற்பத்து மூன்று, மணமாகாதவர். 1841இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி அவரைத் தன் ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டது. அங்கேயே இருந்திருந்தால் நூலகமும் புல்வெளியும் சாப்பாட்டு மேசையுமாக ஆயுள் கழிந்திருக்கும். தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் என்ற அந்தக் கணித அறிஞர், கடைசி நான்காண்டுகளைக் கரிசல் காட்டில் கூடாரம் அடித்துக் கழித்தார்.

அப்போது சிவகாசியில் பட்டாசு கிடையாது, தீப்பெட்டி ஆபீஸ் கிடையாது, அச்சகம் கிடையாது. பருத்தியும் புகையிலையும் கருப்பட்டியும் வண்டியேறும் வியாபார ஊர் அது. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் வர இன்னும் பதினெட்டு ஆண்டுகள் இருந்தன. ஊர் திருநெல்வேலி ஜில்லாவுக்குள் இருந்தது. 1910இல் ராமநாதபுரத்துக்குப் போய், 1985இல் விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. ராக்லண்டின் வேலையைச் சர்ச் மிஷனரி சங்கத்தின் பழைய ஏடுகள் ‘வட திருநெல்வேலி’ என்ற தலைப்பில் எழுதியிருப்பது இதனால்தான். விருதுநகரின் வரலாற்றைத் தேடுகிறவர் கண்ணில் அது எளிதில் படுவதில்லை.

அயலூரில் ஊழியம் செய்யும் இளைஞர் என்றதும் இன்று உலகம் முழுக்க மனத்தில் எழும் படம் ஒன்றுதான். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர் வில்லை, இரண்டு பேராக நடந்துபோகும் மார்மன் பையன்கள். அவர்களுடைய சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பதினெட்டு வயது நிரம்பிய ஆண் இரண்டாண்டுகளும், பெண் பதினெட்டு மாதங்களும் போகலாம். 2012 வரை ஆணுக்குப் பத்தொன்பது, பெண்ணுக்கு இருபத்தொன்று என்று இருந்ததைக் குறைத்தார்கள். எங்கே போவது என்பதைத் தலைமை முடிவு செய்யும். செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையில். முதற்பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது. ஆண்களுக்கு ‘எல்டர்’ என்ற பட்டம் உண்டு. தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல்லுக்கு நேர் ‘மூப்பர்’. மீசை சரியாக முளைக்காத மூப்பர்!

இந்தப் படத்துக்கு நம் பக்கத்து முன்னோடி யார் என்று தேடப்போய்த்தான் ராக்லண்டிடம் வந்து நின்றேன். சமயக் கொள்கையில் இரு தரப்புக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ராக்லண்ட் ஆங்கிலிகன் சபைக் குருவானவர். மார்மன்களைக் கிறிஸ்தவர்கள் என்று ஒப்புக்கொண்டிருப்பாரா என்பதே ஐயம். ஆனால் அன்றாட வாழ்க்கையின் கட்டுமானத்தைப் பாருங்கள்: மணமாகாத இளைஞர்கள், சொந்த ஊரும் வீடும் இல்லாத காலம், மணிக்கணக்கு, துணை இல்லாமல் நடவாமை, படிப்பு, நடை, மறுபடி படிப்பு. அது ஏறத்தாழ ஒன்றுதான்.

ராக்லண்ட் வடக்கே வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். 1846இல் சென்னைக்கு வந்து சங்கத்தின் செயலாளராக அலுவலக வேலை பார்த்தவர் அவர். திருநெல்வேலியைச் சுற்றிப் பார்த்தபோது ஒரு வேற்றுமை கண்ணை உறுத்தியது. தெற்கே தேரிக்காட்டில், பனையேறிகளின் ஊர்களில், கோபுரம் வைத்த கோயில்களும் பள்ளிக்கூடங்களும் முளைத்திருந்தன. ரேனியுஸ் ஐயர் 1820 முதல் 1838 வரை உழைத்த உழைப்பு, மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ், இடையன்குடியில் கால்டுவெல் என்று ஊருக்கு ஒருவர் வேரூன்றியிருந்தார்கள். (வெள்ளைக்காரப் பாதிரிமாரை ‘ஐயர்’ என்பது திருநெல்வேலி வழக்கு. ராக்லண்டும் ராக்லண்டையர்தான்.) வடக்கே திருவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கமோ ஊர் ஊராக வெறுமை. தெற்கே நிலைத்தவர்களுக்குச் சபை நடத்தவும் வழக்குத் தீர்க்கவும் பள்ளிக்கூடக் கணக்கு எழுதவுமே பொழுது போதவில்லை. வடக்கே போக ஆளில்லை.

எனவே அவர் வகுத்த திட்டம் இது. மணமாகாத இரண்டு மூன்று பேர் வேண்டும். பங்களா கட்டக் கூடாது. பள்ளிக்கூடம், சபை நிர்வாகம் என்று எதிலும் காலைக் கட்டிக்கொள்ளக் கூடாது. கூடாரத்தில் இருந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் முதல் ஊரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ்காரர்கள் சேர்ந்தார்கள். ஃபென்னுக்கு நம் பக்கம் முற்றிலும் புதிதல்ல. அவருடைய தகப்பனார் ஜோசப் ஃபென் கோட்டயத்தில் மிஷனரியாக இருந்தவர். 1854இல் வேலை தொடங்கியது.

அவர்களுடைய நாள் எப்படிப் போனது? இருட்டு விலகும்முன் எழுந்து, வெயில் ஏறுவதற்குள் பக்கத்து ஊர்களுக்குப் போய்த் திரும்ப வேண்டும். கரிசலில் இதைத் தவிர வேறு வழியில்லை. சித்திரையில் காலை பத்து மணிக்குமேல் அந்தக் கறுப்பு மண் விடும் அனலை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழையிலோ அதே மண் வண்டிச் சக்கரத்தை அச்சுவரை விழுங்கிக்கொள்ளும். நடுப்பகல் முழுக்கக் கூடாரத்தில். ஜெபம், சாப்பாடு, தமிழ்ப் படிப்பு, வேடிக்கை பார்க்க வருகிறவர்களோடு பேச்சு. வெயில் தணிந்ததும் வேறொரு ஊர். சுற்றுவட்டம் முடிந்தால் கூடாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றி அடுத்த தோப்புக்கு. தோப்பு என்று எளிதாக எழுதிவிட்டேன். அந்த வட்டாரத்தில் நிழலும் நல்ல தண்ணீரும் ஒரே இடத்தில் வாய்ப்பது அரிது; ஊருக்கு ஊர் கிணறு உப்பாக இருக்கும், குடிதண்ணீருக்கு ஊருணியை நம்ப வேண்டும்.

மார்மன் இளைஞரின் நாளை இதனருகே வைத்துப் பார்க்கலாம். நீண்டகாலம் நடைமுறையில் இருந்த அட்டவணைப்படி காலை 6.30க்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, ஜெபம், தனியாகப் படிப்பு, துணைவரோடு படிப்பு, புதிய மொழியானால் மொழிப் படிப்பு. பிறகு தெருவில் இறங்கினால் இரவு ஒன்பது மணிவரை நடை. 10.30க்கு விளக்கணைக்க வேண்டும். 2017இல் இதைச் சற்றே தளர்த்தினார்கள். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்குக் கடிதம் எழுத. பல ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டாரோடு தொலைபேசியில் பேசலாம் என்றிருந்தது. 2019 பிப்ரவரியில்தான் வாரம் ஒருமுறை பேச அனுமதி கிடைத்தது. துணைவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரம் போகக் கூடாது. துணைவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. சில மாதங்களில் ஆளை மாற்றிவிடுவார்கள். பிடிக்காத ஒருவரோடு ஒரே அறையில் வாரக்கணக்கில் இருந்து பழகுவதுதான் அந்த இரண்டாண்டின் உண்மையான பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊரில் அவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1833 முதல் அந்தச் சபையில் உள்ள உணவு நெறிப்படி மது, புகையிலை மட்டுமல்ல, காபியும் தேநீரும் விலக்கு. விருதுநகர்ப் பக்கம் ஒரு வீட்டுப் படியேறி, “காபித் தண்ணி சாப்பிடுங்க தம்பி” என்கிற ஆச்சியிடம் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். எந்தச் சாதி என்று பார்த்துத் தண்ணீர் வாங்கிக் குடித்த நினைவு இன்னும் ஆறாத மண்ணில், நீட்டிய குவளையை மறுப்பதற்கு ஒரே ஒரு பொருள்தான். சால்ட்லேக் சிட்டியில் எழுதிய விதிக்கு அந்தப் பொருள் தெரியாது. பானகமோ மோரோ கேட்டு வாங்கிக் குடிக்கலாம் என்று சொல்லித்தர உள்ளூர் ஆள் ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

அந்த உள்ளூர் ஆளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்குமுன் மார்மன்கள் சென்னைக்கே வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1852 ஆகஸ்டில் சால்ட்லேக் மாநாட்டில் நூற்றுக்கு மேற்பட்டவர்களை உலகெங்கும் அனுப்பத் தீர்மானித்தபோது பதின்மூன்று பேரை இந்தியாவுக்கும் சயாமுக்கும் என்று பெயர் குறித்தார்கள். அவர்கள் 1853இல் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் துணைவர்களோடு சென்னைக்கு வந்தார். சால்ட்லேக் பள்ளத்தாக்கில் 1849இல் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் அவர். இன்றைய பையன்களைப் போலப் பதின்வயதினர் அல்ல. மனைவி மக்களை விட்டுவிட்டு வந்த முப்பத்தைந்து வயதுக்காரர். கையில் பணம் வைத்துக்கொள்ளாமல் ஊழியம் செய்வது அவர்களுடைய நெறி. அவர்களுடைய சபையின் பலதார மணக் கொள்கை அந்த மாநாட்டில்தான் பகிரங்கமானது. செய்தி அவர்களுக்கு முன்னால் கப்பலேறி வந்துவிட்டது. கதவுகள் சாத்தப்பட்டன. பேசியதெல்லாம் ஆங்கிலத்தில், பெரும்பாலும் வெள்ளைக்காரர்களிடமும் யூரேசியரிடமும். தமிழுக்குள் அவர்கள் வரவேயில்லை. 1854இல் பாலன்டைன் கப்பலேறிவிட்டார். அதே 1854இல் ராக்லண்டின் கூடாரம் வடக்கே எழுந்தது. ஒன்று ஓராண்டில் மூட்டை கட்டியது, மற்றது நிலைத்தது. வித்தியாசம் எங்கே?

ராக்லண்டின் பக்தியில் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வார்கள். டி.டி. பெரோன் எழுதிய வாழ்க்கை வரலாறு 1861இல் வந்தது. டோனாவூர் எமி கார்மைக்கேல் 1922இல் இன்னொன்று எழுதினார். இரண்டிலும் நடுவில் நிற்பவர் ராக்லண்ட். அவருடைய தயக்கம், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் இயல்பு, நோஞ்சான் உடம்பு எல்லாம் துல்லியமாகப் பதிவாகியிருக்கின்றன. அவர் பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் என் கண்ணில் திட்டத்தின் உயிர் வேறோர் ஏற்பாட்டில் இருந்தது. தெற்கேயுள்ள சபைகள் தங்கள் உபதேசியார்களை முறை வைத்து வடக்கே அனுப்பின. ஒரு தொகுதி உபதேசியார் ஒரு மாதம் இருந்து ஊர் சுற்றுவார்கள், பிறகு திரும்புவார்கள், வேறு ஆட்கள் வருவார்கள். செலவு தெற்கத்திச் சபையாருடையது. பனையேறிகளின் காசிலிருந்து அந்த வழிச்செலவு வந்தது.

உபதேசியார் என்றால் என்ன என்று இன்றைய வாசகருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரில் ஜெபம் நடத்துபவர், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பவர், மனு எழுதித் தருபவர், சண்டையை விலக்குபவர். ஐயர் மாதம் ஒருமுறை வருவார். உபதேசியார் அங்கேயே கிடப்பார். அப்படிப்பட்ட ஒருவர், தேரி மணலிலிருந்து கரிசல் மண்ணுக்கு நடந்து வருகிறார். சிவகாசி அவருக்கும் அயலூர்தான். பேச்சில் இழுப்பு வேறு, சாப்பாட்டில் புளிப்பு வேறு, எந்தச் சாதி எந்தத் தெரு என்ற வரைபடம் வேறு. தெற்கே பனையேறும் சாணார் என்று ஒதுக்கப்பட்ட நாடார்களின் உறவுமுறையாரே வடக்கே வண்டி கட்டி வியாபாரம் செய்யும் செல்வர்கள். சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்களில் பேட்டை கட்டி, மகமை என்னும் பொதுநிதி வசூலித்து, தங்களுக்கென்று ஓர் ஆட்சியையே நடத்தியவர்கள். தென்பகுதி உபதேசியாரைத் தம் இனம் என்று ஒப்புக்கொள்ளவே அவர்கள் கூசியிருக்கக்கூடும்.

வெள்ளைக்காரத் துரை வந்தால் கூட்டம் தானாகக் கூடும். அந்த வேடிக்கை பத்து நிமிடம் தாங்கும். அதன்பிறகு ஒரு கிழவர் எழுந்து கேள்வி கேட்பார். கேம்பிரிட்ஜ் கணிதம் அங்கே உதவாது. கிழவரின் கேள்விக்குள் இருக்கும் குத்தலைப் புரிந்துகொண்டு, அவர் சொன்ன சொலவடையை வைத்தே அவரை மடக்கத் தெரிந்தவர் உபதேசியார் மட்டுமே. எந்தத் தெருவில் முதலில் நின்று பேசினால் அடுத்த தெரு கதவைச் சாத்திக்கொள்ளும் என்று அறிந்தவரும் அவரே. சென்னையில் பாலன்டைனுக்கு வாய்க்காதது இந்த ஆள்.

பலன் என்று பார்த்தால் அந்த நான்கு ஆண்டுகளில் எண்ணிச் சொல்லும்படி அதிகமில்லை. சிவகாசியின் வியாபாரிகள் மதம் மாறவில்லை. அவர்கள் செய்தது வேறு. 1880களில் விருதுபட்டி நாடார்கள் மகமைப் பணத்தில் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசி அந்தப் பள்ளியை வளர்த்தது. பின்னாளில் காமராஜர் படித்த பள்ளி அது. மிஷனரிகள் தெற்கே காட்டிக்கொடுத்த வழி பள்ளிக்கூடம். வடக்கத்தி நாடார்கள் மதத்தை விட்டுவிட்டு வழியை எடுத்துக்கொண்டார்கள் என்று நான் படிக்கிறேன். அவர்களுடைய சண்டை கோயில் வாசலில் இருந்தது. சிவகாசி விசுவநாதர் கோயிலுக்குள் நுழையும் உரிமை பற்றிய தகராறு 1899 ஜூன் 6 அன்று சிவகாசிக் கொள்ளையாக வெடித்தது. நாடார் ஒற்றுமையை அது இன்னும் இறுக்கியது.

1922இல், எமி கார்மைக்கேலின் ராக்லண்ட் புத்தகம் வந்த அதே ஆண்டில், சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் தொலைதூரம் போனார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும். போன இடம் கல்கத்தா. மொழி தெரியாத ஊரில் இருவருமாகச் சில மாதம் இருந்து தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். 1923இல் தொழில் தொடங்கியது. பிறகு பட்டாசும் அச்சும் வந்தன. அயலூருக்கு ஜோடியாகப் போகும் இளைஞர்களில் சிவகாசியின் தலையெழுத்தை மாற்றியவர்கள் இவர்கள் இருவரும்தான், கூடாரக்காரர்கள் அல்லர்.

கூடாரம் எப்போதும் கூடாரமாகவும் இருக்கவில்லை. ராக்லண்ட் வேண்டாம் என்று தள்ளியவை எல்லாம் அவருக்குப் பின் வந்தன. சிவகாசிக்கு ஒட்டினாற்போல் மிஷன் ஊர் ஒன்று எழுந்தது: சாட்சியாபுரம். இன்று பட்டாசுக் கடைகளின் வரிசையைத் தாண்டிப் போகும் பேருந்தில் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு, ‘சாட்சி’ என்பது எந்தச் சாட்சி என்ற நினைவு இருக்காது. கோயிலும் பள்ளிகளும் நிலைத்தன. சுற்றியவர்களின் பெயரை நிலைத்தவர்கள் காப்பாற்றினார்கள் என்பதை ராக்லண்ட் ரசித்திருப்பாரா தெரியவில்லை.

உபதேசியார்களின் கதை அங்கே நிற்கவில்லை. 1902இல் வெள்ளாளன்விளைக்காரரான வி.எஸ். அசரியா என்ற இளைஞர் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாமே சங்கம் வைத்து, தாமே பணம் திரட்டி, கடல் தாண்டி ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அனுப்பிய இடம் நம் தொண்டி. யாழ்ப்பாணத் தமிழருக்கு ராமநாதபுரக் கரை அயல்நாட்டு ஊழியக் களம்! நமக்கு ஊழியம் செய்ய யாழ்ப்பாணத்தார் வரவேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தோடு திரும்பிய அசரியாவும் நண்பர்களும் 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் பணம் இல்லை, வெள்ளைக்காரர் தலைமை இல்லை. முதல் ஊழியராகச் சாமுவேல் பாக்கியநாதன் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது. 1912இல் அசரியாவே அங்கே பேராயரானார். ஆங்கிலிகன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். தெற்கத்திச் சபைகள் தங்கள் செலவில் ஆள் அனுப்பிப் பழகியது ராக்லண்ட் காலத்தில்தான் என்பதை இந்தச் சங்கத்தின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மார்மன்களின் வரலாறும் இந்தப் பாதையில்தான் வளைந்திருக்கிறது. 1850களில் வேரோடாத அந்தச் சபை தமிழ்நாட்டில் மறுபடி துளிர்த்தது, தெருவில் நடந்த அமெரிக்கப் பையன்களால் அல்ல. கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்ற சிமென்ட் ஆலை ஊழியர் கையில் அகப்பட்ட ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்து, தாமே கடிதம் எழுதி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து 1960களில் ஞானஸ்நானம் பெற்றார். கிராமப் பள்ளிகள் நடத்தினார். 1993இல் பெங்களூரைத் தலைமையாகக் கொண்டு மிஷன் அமைந்தது. இன்று இந்தியாவில் பெயர் வில்லை அணிந்து நடக்கும் மூப்பர்களில் பெரும்பாலோர் இந்தியப் பையன்களே. ஆந்திரத்துப் பையன் தமிழ்நாட்டில், தமிழ்ப் பையன் வடக்கில். காபிக் குவளையை மனம் நோகாமல் மறுப்பது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ராக்லண்ட் எந்த ஆண்டில் எந்தத் தேர்வில் எத்தனையாம் இடம் என்பதுவரை நமக்குத் தெரிகிறது. அவரோடு மாத முறைக்கு வந்து போன உபதேசியார்களோ ஆங்கில ஏடுகளில் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். அவர்களும் எழுதத் தெரிந்தவர்கள்; எழுதுவதே அவர்கள் தொழிலில் பாதி. தேரிக்காட்டு வீடுகளில் பாட்டனாரின் பாட்டனார் உபதேசியாராக இருந்தார் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அப்படி ஒரு வீட்டில் பரண்மேலோ தகரப் பெட்டியிலோ பழுப்பேறிய நோட்டுப் புத்தகம் கிடந்தால், கறையானுக்கு முந்திக்கொண்டு ஒரு படமாவது எடுத்து வையுங்கள். ஞானஸ்நானக் கணக்கோ வரிக் கணக்கோ மருந்துக் குறிப்போ, எதுவானாலும் சரி. சிவகாசிக்கு நடந்து வந்த ஒரு மாதத்தைப் பற்றி அதில் நான்கு வரி இருக்கலாம்.